சாக்குக்குள் மாப்பிள்ளை

காலை இடிக்கிறதா? இருங்கள், இந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். கனமாகத்தான் இருக்கும், மண்ணோடு தோண்டியது. கண்டக்டர்கூட, "உள்ள என்னம்மா, ஆளா?" என்று கேட்டார். வாழைக்கிழங்கு என்றேன். லக்கேஜ் போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் முழு டிக்கெட்டே கிழித்திருப்பார்.

நீங்கள் மாயவரத்தில் இறங்கிவிடுவீர்கள், இல்லையா? நான் பூம்புகார் வரைக்கும். அங்கே எனக்கு யாரும் இல்லை. இதைக் கடலில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். காவிரி கடலில் கலக்கிற இடத்தில்தான் போட வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஆற்றில் போட்டால் எங்கேயாவது கரை ஒதுங்கி வேர் பிடித்துவிடுமாம். உப்புத் தண்ணீரில்தான் அடங்குமாம்.

ஏன் இந்த பஸ் நின்றது நின்றபடி நிற்கிறது? பாலம் வேலையா? எதிர்ப்பக்கத்தை விட்டுவிட்டுத்தான் நம்மை விடுவார்களா? மணி என்ன ஆகிறது? பதினொன்று தாண்டிவிட்டதா! பன்னிரண்டு அடித்தால் குளிகை பிறந்துவிடுமே. உங்களுக்குத் தெரியாதா? குளிகை நேரத்தில் ஒன்றைச் செய்தால் அதே காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். அதனால்தான் குளிகையில் பிணம் எடுக்க மாட்டார்கள், கல்யாணமும் வைக்க மாட்டார்கள். நான் போடப் போவதும் ஒரு பிணம் மாதிரிதான். குளிகையில் போட்டால் மறுபடி ஒன்று முளைக்கும். இதுவரை முளைத்தது போதாதா?

முதலிலிருந்து சொல்கிறேன். பஸ்ஸும் நகர்கிற மாதிரி இல்லை.

என் பெயர் பாக்கியம். கும்பகோணத்தில் இருக்கிறோம், நானும் என் பெண் சுகந்தியும். எட்டாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பஸ் போர்டு படிக்கக்கூட எழுத்துக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் ஜாதகக் கட்டத்தைக் கொடுங்கள், பன்னிரண்டு வீட்டையும் ஒரு மூச்சில் சொல்வேன். சுகந்திக்குத் துலா லக்னம். எட்டாம் வீடு ரிஷபம். அந்த ரிஷபத்தில் செவ்வாய். பெண்ணுக்கு எட்டாம் வீடுதான் மாங்கல்ய வீடு. அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான் பாவி. கட்டுகிறவன் உயிருக்கு ஆபத்து.

சந்திரனிலிருந்து எண்ணினால் தோஷம் இல்லை என்று ஒரு ஜோசியர் சொன்னார். குரு பார்க்கிறார், தோஷம் நிவர்த்தியாகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், அது வேறு. அப்புறம் வலங்கைமான் பக்கத்தில் ஒருவரிடம் போனேன். அவர்தான் கட்டத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை வந்தது.

எனக்கும் எட்டில் செவ்வாய்தான். அதனால்தான் இவ்வளவு பயம். என் வீட்டுக்காரர் போகும்போது சுகந்தி ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் காமாலை. குடியை நிறுத்து, குடியை நிறுத்து என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராகக் கடைக்குப் போவார். அது வேறு. காரியத்தன்று என் மாமியார் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "எட்டுல செவ்வாய வச்சிக்கிட்டு வந்து எம் புள்ளைய முழுங்கிட்டியேடி" என்று கத்தினாள். சுகந்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கு என் வயிற்றில் விழுந்தது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

பொருத்தம் பார்க்காமலா கட்டினார்கள் என்கிறீர்களா? பார்த்தார்களே. அவருக்கும் செவ்வாய் இருந்தது. தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிடும் என்று மாமியாரின் ஜோசியரே சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். அது வேறு.

சுகந்திக்கு முப்பது நெருங்குகிறது. செவ்வாய் இருக்கிற பையன்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருவன் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு இவள் தட்டை எடுத்துக்கொண்டே, "நல்ல எடம்மா. ஆளு சரியில்ல, பேச்சு சரியில்ல, செவ்வாய் மட்டும் கரெக்டா இருக்கு" என்றாள். அப்படி ஒரு வாய். எனக்கு எங்கிருந்து வந்து பிறந்தாளோ.

கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலை அவளுக்கு. அங்கேயே இருக்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற பிள்ளை இளம்பரிதி. ஒருநாள் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "அம்மா, இவருக்குச் செவ்வாய் எங்க இருக்குன்னு கேட்டேன். வானத்துலதான் இருக்கும்னு சொல்றாரு" என்று சொல்லித்தான் அறிமுகமே செய்தாள்.

நல்ல பிள்ளை. வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. காபி குடித்த டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்து வைப்பான். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. "அத்தை, நீங்க கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறீங்க, பவர் மாறியிருக்கும்" என்று கூட்டிப்போய்ச் சோதித்து, இதோ போட்டிருக்கிறேனே இந்தக் கண்ணாடி, அவன் கையால் வெட்டிக் கொடுத்ததுதான்.

அவன் அப்பா கருப்புச் சட்டைக்காரர். போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் கேட்டேன். "எங்க வீட்ல அந்தச் சாமானே கெடையாதும்மா. பொறந்த ஆஸ்பத்திரி சீட்டு வேணா இருக்கு, தரட்டுமா?" என்று சிரித்தார். கொடுங்கள் என்றேன். அதில் பிறந்த நேரம் இருந்தது. வலங்கைமான்காரரிடம் கொடுத்து எழுதி வாங்கினேன். கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சுத்த ஜாதகம். செவ்வாய் மூன்றாம் வீட்டில், ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல், சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறான்.

அந்தப் பிள்ளையை எப்படி என் பெண்ணின் எட்டாம் வீட்டுக்குள் அனுப்புவேன், சொல்லுங்கள். பிடிக்காதவனாக இருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "சம்பந்தி, எம் பையன் ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டறான். அதச் சொல்லி மெரட்டுங்க, நானும் ஒங்களோட சேந்துக்கறேன். செவ்வாய விட்ருங்க. அது பாட்டுக்குத் தூரத்துல சுத்திக்கிட்டிருக்கு" என்றார். நான் உள்ளே போய் காபி போட்டேன்.

சுகந்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள், தட்டைக் கழுவுவாள், படுத்துக்கொள்வாள். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

கடைசியில் வலங்கைமான் ஜோசியர்தான் வழி சொன்னார். முதலில் வாழைமரத்துக்குக் கட்டிவைத்துவிடுவது. தோஷமெல்லாம் அந்த முதல் புருஷனோடு போய்விடும். மரத்தை வெட்டிவிட்டால் அவன் கதை முடிந்தது. அப்புறம் வருகிறவன் ரெண்டாவது புருஷன், அவனுக்கு ஒன்றும் ஆகாது. நிறையப் பேர் செய்கிறார்கள், கோயிலிலேயே மரம் வைத்திருக்கிறார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

சுகந்தியிடம் சொன்னேன். "செஞ்சா இதோட முடிஞ்சிடுமா?" என்றாள். முடிந்துவிடும் என்றேன். "சரி."

கோயிலில் செய்திருக்கலாம். ஆனால் கோயிலில் பாதி வெட்டிவிட்டு நாம் போனதும் என்ன செய்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? என் கண் முன்னால் விழ வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் கொல்லையில் ஒரு பூவன் வாழை இருந்தது, இன்னும் குலை தள்ளவில்லை, இளசு. மாசி மாதம் அதற்கு வேட்டி சுற்றிச் சந்தனம் வைத்தோம். ஐயர் மஞ்சள் கயிற்றை மரத்தின் சார்பாக இவள் கழுத்தில் கட்டினார். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்றவள் தாலி கட்டுகிற இடத்தில் நிற்கலாமா? மரமாக இருந்தாலும் தாலி தாலிதானே. அப்புறம் கயிற்றைக் கழற்றி மரத்தின் அடியில் முடிச்சுப் போட்டு, மந்திரம் சொல்லி, அரிவாளால் ஒரே போடு. சாய்ந்தது. இவள் குளித்துவிட்டு வந்து, "ஒங்க ஆசீர்வாதத்துல நல்லபடியா விதவையாயிட்டேம்மா" என்றாள். பளாரென்று அறைந்துவிட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அது வேறு.

வைகாசியில் நாள் குறித்தோம். அரக்குப் பட்டுப் புடவை எடுத்தோம். ஒருநாள் காலையில் துணி காயப்போடப் போகிறேன், வெட்டின தண்டின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு சுருள் எட்டிப் பார்க்கிறது. மறுநாள் அது பச்சையாகி இலை விரித்துவிட்டது.

"அத்தை, கொல தள்ளாத மரத்த வெட்டினா குருத்து அப்படித்தான் வரும். எல்லா வாழையும் வரும்" என்று இளம்பரிதி சொன்னான். எனக்குத் தெரியாதா? நான் வாழைக்கொல்லைக்காரர் பெண். ஆனால் தாலி கட்டின மரமும் மற்ற வாழையும் ஒன்றாகுமா? முதல் புருஷன் உயிரோடு கொல்லையில் நிற்கிறான், இன்னொருவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா? கல்யாணத்தை நிறுத்தினேன்.

திரும்ப வெட்டினேன், வந்தது. உப்பைக் கொட்டினேன், கொஞ்சம் வாடிவிட்டு வந்தது. கொதிக்கிற கஞ்சியை ஊற்றினேன், அப்போதும் வந்தது. இவள் வேலையிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் கொல்லைக்குப் போவாள். குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றுவாள். "என்னடி செய்யற?" என்றால், "புருஷன பட்டினி போடலாமாம்மா?" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். ஒருநாள் சாயங்காலம் அந்த மரத்துக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்தது தெரியாது. "நீ செத்தும் தொலைய மாட்ட, எங்கம்மா விட்டும் தொலைய மாட்டா" என்று அந்த இலையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மறுபடி ஜோசியர். வேரோடு தோண்டு, கடலில் விடு என்றார். யார் தோண்டியது தெரியுமா? இளம்பரிதிதான். ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வந்தான். "அண்ணே, மன்னிச்சிக்கங்க, எனக்கும் வேற வழியில்ல" என்று மரத்தைக் கும்பிட்டுவிட்டுத் தோண்டினான். கை கொப்பளித்துப்போயிற்று. நான் மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதால் கிளம்பினேன். செவ்வாய்க்கிழமையில் யாரும் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். முடிப்பதற்கு நல்ல நாள். எமகண்டம் பிறப்பதற்கு முன்னாலேயே வீட்டை விட்டு இறங்கிவிட்டேன். சுகந்தி சீக்கிரமே எழுந்து தலைக்குக் குளித்திருந்தாள். அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். "ஆபீஸ்ல விழாம்மா" என்றாள். நேற்றைக்குக் பக்கத்து வீட்டு கமலவேணி அக்காவிடம் ஆதார் அட்டையை எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் ஆபீசுக்காம். எனக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். கிளம்பும்போது குனிந்து என் காலைத் தொட்டாள். "நீயும் என்கூட வாயேம்மா. இந்தச் சாக்கு எங்கயும் ஓடிடாது" என்றாள். எனக்குக் கடலுக்குப் போகணும் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் சாக்கைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டவனும் இளம்பரிதிதான். புது வெள்ளைச் சட்டை. தலையில் ஹெல்மெட், புதுசு. பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழேயே நின்றான். "அத்தை, எறங்கிடறீங்களா?" என்று கேட்டான். எதற்கு இறங்க வேண்டும்? டிக்கெட் வாங்கியாயிற்று.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன தங்கச்சி, எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்களா? எட்டாவது படித்தவள்தான், ஆனால் பெற்றவள் இல்லையா? அவள் தலைக்குக் குளித்து நிற்கிறபோதே தெரிந்துவிட்டது. இன்றைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ், கமலவேணி அக்கா சாட்சி. ஆடி பிறக்கப் போகிறது, ஆடி முழுக்க என்னிடம் மாட்டிக்கொண்டு கிடக்க அவளால் முடியாது. கருப்புச் சட்டைக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை என்றால்தான் சந்தோஷமாக இருக்கும். அதனால்தானே இப்படிப் பதைக்கிறேன்! அவர்கள் கையெழுத்துப் போடுவதற்குள் இதை நான் கடலில் சேர்த்துவிட்டால் அந்தப் பிள்ளை தப்பித்தான். இல்லாவிட்டால்? நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், இது இங்கே உயிரோடு இருக்கிறது, அங்கே அவன் கையெழுத்துப் போடுகிறான். புது ஹெல்மெட் எல்லாம் எம்மாத்திரம்?

அவர்களிடம் ஏன் சொல்லவில்லையா? சொன்னால் என்னையும் கூட்டிப்போவார்கள். நான் போய் அங்கே நிற்கலாமா? என் கண் பட்ட இடம்... வேண்டாம். நான் தூரத்தில் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது.

மணி? முக்கால் ஆகப் போகிறதா? டிரைவர் எஞ்சினையே நிறுத்திவிட்டார் பாருங்கள். முன்னால் ஒரு மைல் தூரம் லாரி. பின்னால் திரும்பவும் வழி இல்லை.

கீழே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மேட்டூர் திறந்துவிட்டார்கள் போல. காவிரித் தண்ணீர்தான். ஆனால் இதில் போட்டால் அடுத்த மதகில் ஒதுங்கி வேர் விட்டுவிடும். கடலுக்குக் கொண்டுபோனால் குளிகை. என்னதான் செய்வேன் நான்?

என்ன சொன்னீர்கள்? கயிறா? தாலிக் கயிறு எங்கே என்றா கேட்டீர்கள்?

மரத்தில்தான் கட்டினார். மரத்தில் கட்டி, அதற்கு மேலே வெட்டினார்.

மேலே வெட்டினார்! முடிச்சுக்கு மேலே! ஐயோ, இருங்கள், சாக்கைப் பிரிக்கிறேன். இந்தப் பக்கத்தைப் பிடியுங்கள். இதோ பாருங்கள். இதோ. மண்ணுக்குள் மஞ்சளாக, அடித்தண்டை இறுக்கிக்கொண்டு. நான் தலையை வெட்டி வெட்டி மாய்ந்துபோகிறேன், கயிறு கழுத்திலேயே கிடக்கிறது. புருஷன் செத்தால் மட்டும் போதுமா? கயிற்றைக் கழற்ற வேண்டாமா? எனக்குக் கழற்றினார்களே. என் மாமியாரும், அவளைப் போல ரெண்டு பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு. அந்த வேலையைச் சுமங்கலிகள் செய்யக் கூடாது. என்னைப் போன்றவள்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் தொடாதீர்கள், உங்கள் கழுத்தில் தாலி இருக்கிறது. தள்ளிக்கொள்ளுங்கள். இதற்கு என் கைதான் சரியான கை.

ஊறி இறுகிப்போயிருக்கிறது. பல்லால் இழுத்தால் வரும். ம். ஒன்று வந்துவிட்டது. இன்னும் ஒரு முடிச்சு. இதோ. ஜன்னலை மேலே தூக்குங்கள். போ. போய்ச் சேர். விழுந்ததா? தண்ணீரிலா, கரையிலா? தண்ணீரிலா! போகிறதா? கயிறு எங்கே ஒதுங்கினாலும் வேர் விடாது.

மணி சொல்லுங்கள். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறதா? அப்பாடா.

போன் அடிக்கிறது. இவள்தான். முடிந்துவிட்டது போல. சொல்லத்தான் கூப்பிடுகிறாள். எடுக்கவா?

"ஹலோ. ஆங், பஸ்லதான் இருக்கேன். என்னடி சொல்லணும்? எனக்குத் தெரியும். தெரியும்னு சொல்றேன்ல. காலைல தலைக்குக் குளிச்சப்பவே தெரியும். அழாத, மை கரையும். கையெழுத்துப் போட்டாச்சா? இன்னும் போடலையா? ஏன்? நான் எதுக்குடி அங்க? நான் வந்து நிக்கக் கூடாதுடி, ஒனக்குத் தெரியாதா? என்னது? நான் வர்ற வரைக்கும் போட மாட்டியா? பேனாவத் தொட மாட்டியா? அடியே, குளிகை பொறக்கப் போகுது! குளிகைல போட்டா ரெண்டாந்தரம் போடணும்டி! யாரு? அவர்கிட்ட குடு. தம்பி, நீங்களாவது சொல்லுங்க அவகிட்ட. என்ன? நேரமா? நான் குறிச்சுக் குடுக்கணுமா? உங்கப்பா ஒத்துக்கிட்டாரா? நானாவது, நேரம் குறிக்கறதாவது."

நேரம் சொல்லச் சொல்கிறான். நான் சொல்கிற நேரத்தில் போடுகிறார்களாம். சாப்பாட்டு வேளைக்கு அப்புறமும் ஆபீஸ் திறந்திருக்குமாம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை குளிகை. மூன்றுக்கு ராகு காலம். நடுவில்... நடுவில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருக்கிறது. இங்கிருந்து கும்பகோணம் போக எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்ப்பக்கம்தான் விடுகிறார்களே, அதோ ஒரு பஸ் வருகிறது பாருங்கள்.

"தம்பி, ஒன்றரைக்கு மேல, மூணுக்குள்ள. ஆமா. நான் வந்துடறேன். ஓரமா நிப்பேன், யாரும் முன்னாடி இழுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். ஹெல்மெட்டோட நிக்காதீங்க, போட்டோல அசிங்கமா இருக்கும். அவள அழ வேணாம்னு சொல்லுங்க. வைங்க, வைங்க."

கண்டக்டரே, கொஞ்சம் பொறுங்கள், நான் இறங்க வேண்டும். தங்கச்சி, கால் எடுங்கள். சாக்கா? இதை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவேன்? உங்கள் வீட்டில் கொல்லை இருக்கிறதா? எடுத்துப்போய் நட்டுக்கொள்ளுங்கள். பூவன், நன்றாகக் காய்க்கும், சாகவே சாகாது, நான் உத்தரவாதம். கயிற்றை அவிழ்த்தாயிற்று, இனி இது வெறும் வாழைதான், பயப்பட ஒன்றும் இல்லை.

இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் கல்யாணமாகாத பெண் யாரும் இல்லையே?